வாசகர் கேள்வியும் பதிலும்: தனிக் கல்லூரியை ஏன் மறுத்தார்கள்?

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு டர்பனில் இந்தியருக்கென்று தனியாகத் திறந்த சால்ஸ்பரி தீவுக் கல்லூரியைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை என்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் நிறவெறிக் காலத்துப் பல்கலைக்கழகங்களுக்கும் அங்கே மாணவர்கள் நடத்திய போராட்டங்களுக்கும் ஒதுக்கியிருக்கிறோம்.

சாட்ஸ்வொர்த் வாசகி: 1961ஆம் ஆண்டில் என் தந்தைக்கு சால்ஸ்பரி தீவுக் கல்லூரியில் சேர வாய்ப்பிருந்தும் அவர் சேரவில்லை. பகலில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் யூனிசா என்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிப் பாடங்களைப் படித்துப் பல ஆண்டுகள் கழித்தே பட்டம் பெற்றார். இந்தியருக்கென்றே கட்டிய கல்லூரியை இந்தியரே ஏன் புறக்கணிக்க வேண்டும்?

அந்தக் கல்லூரி இந்தியருக்கென்று கட்டப்பட்டதன்று. டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சால்ஸ்பரி தீவில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படைக்காக எழுப்பப்பட்ட பாசறைக் கட்டடங்களில்தான் அது திறக்கப்பட்டது. நகரக் கரையிலிருந்து படகேறிப் போய்ப் படித்துவிட்டு, மாலையில் மறுபடியும் படகேறித் திரும்பிய நாள்களை அங்கே படித்த மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

உங்கள் தந்தையின் மறுப்புக்குக் காரணம் கட்டடத்தின் பழமையன்று. 1959ஆம் ஆண்டின் 45ஆம் எண் சட்டமான பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம், வெள்ளையரல்லாத மாணவர் எவரும் அமைச்சரின் அனுமதி இல்லாமல் கேப் டவுன், விட்வாட்டர்ஸ்ராண்ட் போன்ற பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேர முடியாதபடி கதவை அடைத்தது. அடைத்த கையோடு ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கல்லூரியைக் காட்டியது. சூலு மாணவருக்கு ங்கோயே, வடக்கிலுள்ள சோத்தோ, வெண்டா, ட்சோங்கா மாணவருக்கு டர்ஃப்லூப், கலப்பினத்தவருக்குக் கேப் டவுனை அடுத்த பெல்வில், இந்தியருக்கு சால்ஸ்பரி தீவு என்று பங்கிட்டுக் கொடுத்தது. 1916இல் தொடங்கி மண்டேலா, டாம்போ, சோபுக்வே முதலிய விடுதலைப் போராட்டத் தலைவர்களை உருவாக்கியதும், இந்திய மாணவர்களும் படித்ததுமான ஃபோர்ட் ஹேர் கல்லூரியை அரசு தன் கைக்குள் கொண்டுவந்து கோசா மக்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது.

ஓர் இளைஞன் எங்கே படிக்கலாம், யாரோடு உட்கார்ந்து படிக்கலாம் என்பதை அவன் பிறப்பைப் பார்த்து அரசு முடிவு செய்வதுதான் அந்த ஏற்பாட்டின் அடிப்படை. அதில் சேர்ந்தால் அந்த முடிவை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று நிறவெறியை எதிர்த்த தென்னாப்பிரிக்கக் காங்கிரஸ் இயக்கத்தார் கருதினார்கள், புறக்கணிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். முதலாண்டில் நூறைச் சற்றே தாண்டிய மாணவர்கள்தாம் சேர்ந்தார்கள் என்பதிலிருந்து அந்த வேண்டுகோளுக்கு எவ்வளவு செவிசாய்க்கப்பட்டது என்று அறியலாம். உங்கள் தந்தை இரவுதோறும் தனியே அமர்ந்து படித்ததும் அந்தப் போராட்டத்தின் பகுதியே. ஊர்வலம் போகாமலும் முழக்கமிடாமலும் தம் இளமையின் பல ஆண்டுகளைக் கொடுத்து அவர் நடத்திய போராட்டம் அது.

அதே வேளையில், தீவுக் கல்லூரியில் சேர்ந்தவர்களைக் குறை சொல்வதற்கும் நமக்கு உரிமை இல்லை. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைக்கு வேறு வழி எதுவும் இருக்கவில்லை. உள்ளே போனவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. கல்லூரி நிருவாகத்தின் பிடியில் இருக்கும்படி வகுக்கப்பட்ட விதிகளின்கீழ் மாணவர் பேரவை அமைக்க அவர்கள் நெடுங்காலம் மறுத்து வந்தார்கள். பேரவை இல்லாமல் இருந்தாலும் இருப்போம், பொம்மைப் பேரவை வேண்டாம் என்ற அந்த உறுதியும் புறக்கணிப்பின் தொடர்ச்சிதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: 1959க்கு முன்பு பல்கலைக்கழகங்கள் எல்லாருக்கும் திறந்திருந்தன என்றும், அந்தச் சட்டம்தான் அனைத்தையும் கெடுத்தது என்றும் படித்தேன். நம் நேட்டால் மாகாணத்திலும் அப்படித்தான் இருந்ததா?

இல்லை. கேப் டவுனிலும் ஜோகன்னஸ்பர்கின் விட்வாட்டர்ஸ்ராண்டிலும் வகுப்பறை திறந்திருந்தது. வகுப்பறைக்கு வெளியே நடன அரங்கு, விளையாட்டுத் திடல், நீச்சல் குளம் என்று வரும்போது கதவு மூடிக்கொண்டது. படிப்பில் பாகுபாடு இல்லை, பழக்கத்தில் பாகுபாடு உண்டு என்பதையே ஒரு கொள்கையாக வைத்திருந்தார்கள். 1940களில் விட்வாட்டர்ஸ்ராண்டில் சட்டம் படித்த மண்டேலாவும் இந்திய மாணவர்களான இஸ்மாயில் மீரும் ஜே. என். சிங்கும் நண்பர்களானது இத்தகைய சூழலில்தான்.

நேட்டாலில் வகுப்பறையே பிரிந்திருந்தது. வெள்ளை மாணவர்கள் டர்பன் குன்றின்மேல் ஹோவர்ட் கல்லூரிக் கட்டடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, மற்றவர்களுக்கென்று 1936இல் மேபல் பாமர் என்ற அம்மையார் பகுதிநேர வகுப்புகளைத் தொடங்கினார். அவை நடந்த இடம் நம்மவர் நன்கு அறிந்த சாஸ்திரி கல்லூரி. கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்து, இந்திய அரசின் முதல் முகவராக இந்நாட்டுக்கு வந்த வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியாரின் முயற்சியால், நம் மக்கள் கொடுத்த பணத்தைக் கொண்டு 1929இல் திறக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளி அது. வாரநாள்களில் பிள்ளைகள் உட்கார்ந்த அதே பலகைகளில், மாலை வேளைகளிலும் வாரக் கடைசியிலும் ஆசிரியர்களும் எழுத்தர்களும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தார்கள். குன்றின்மேல் வெள்ளை மாணவர்களுக்கு ஒருமுறை நடத்திய பாடத்தை அதே விரிவுரையாளர் கீழே இறங்கி வந்து இவர்களுக்கு மறுபடியும் நடத்தினார். இரண்டு கூட்டத்தாரும் ஒரே அறையில் உட்காரக் கூடாது என்பதற்காக ஒரு பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களின் உழைப்பை இருமடங்காக்கிக் கொள்ளவும் ஒப்புக்கொண்டது.

மேபல் பாமர் அம்மையாரின் தொண்டை நாம் மறக்கவில்லை. அவர் இல்லையென்றால் அந்த வகுப்புகளும் இருந்திரா. ஆனாலும் நேட்டாலின் பிரிவினை 1959ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை என்பதை நேட்டால்காரர்களாகிய நாம் சொல்லித்தான் ஆகவேண்டும். மருத்துவம் படிக்க விரும்பியவர்களுக்கு அதற்கும் வழியில்லாமல் இருந்தது. டாக்டர் மான்டி நாயக்கரும் டாக்டர் கூனம் அம்மையாரும் கடல் கடந்து எடின்பரோவுக்குப் போய்த்தான் மருத்துவரானார்கள். நேட்டால் பல்கலைக்கழகம் 1951இல்தான் கறுப்பினத்தவர், இந்தியர், கலப்பினத்தவர் ஆகியோருக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. அதன் மாணவர்களின் விடுதியும் நகருக்குத் தெற்கே வென்ட்வொர்த்தில், மற்ற மாணவர்களிடமிருந்து விலகி இருந்தது.

லெனேசியா வாசகர்: வெள்ளை மாணவர்களும் நிறவெறியை எதிர்த்துப் போராடினார்கள் என்கிறார் என் நண்பர். அது உண்மைதானா?

உண்மைதான். சட்ட முன்வரைவு பேசப்பட்ட 1957ஆம் ஆண்டில் கேப் டவுனிலும் ஜோகன்னஸ்பர்கிலும் பேராசிரியர்களும் மாணவர்களும் பட்டமளிப்பு அங்கிகளை அணிந்து ஆயிரக்கணக்கில் வீதியில் நடந்து சென்றார்கள். 1968இல் கேப் டவுன் பல்கலைக்கழகம் ஆர்ச்சி மஃபேஜே என்ற கறுப்பின அறிஞரைச் சமூக மானிடவியல் துறையில் மூத்த விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்துவிட்டு, அரசு மிரட்டியதும் அந்த நியமனத்தைத் திரும்பப் பெற்றது. அதைக் கண்டித்து அவ்வாண்டு ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் நிருவாகக் கட்டடமான பிரெம்னர் கட்டடத்துக்குள் புகுந்து, ஒரு வாரத்துக்கும் மேலாக உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். அந்த நியமனம் மஃபேஜேக்குத் திரும்பக் கிடைக்கவில்லை; பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்பதற்குள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. 1972 ஜூனில் கேப் டவுனின் புனித ஜார்ஜ் பேராலயப் படிகளில் கூடி நின்ற மாணவர்களைக் காவல்துறையினர் பேராலயத்துக்குள்ளேயே விரட்டிச் சென்று தடியால் அடித்தார்கள். அந்த அடியை வாங்கியவர்களில் பெரும்பாலோர் வெள்ளை இளைஞர்களே.

ஆனால் 1967ஆம் ஆண்டு ஜூலையில் நடந்ததையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். நூசாஸ் என்ற தேசிய மாணவர் ஒன்றியம் எல்லா இனத்தாரையும் உறுப்பினராகக் கொண்டது, நிறவெறியை எதிர்ப்பது. அதன் மாநாடு கிரகாம்ஸ்டவுனில் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் கூடியது. பேராளர்கள் ஒரே இடத்தில் தங்கவோ ஒன்றாக உண்ணவோ கூடாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. வெள்ளைப் பேராளர்களுக்கு வளாக விடுதி, இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் ஊருக்குள் இடம், ஆப்பிரிக்கருக்கு வளாகத்திலிருந்து தள்ளியிருந்த ஒரு தேவாலயக் கட்டடம். பகலெல்லாம் ஒரே மண்டபத்தில் சமத்துவத்தைப் பற்றித் தீர்மானம் போட்டுவிட்டு, இரவில் மூன்று இடங்களுக்குப் பிரிந்து போகவேண்டும்.

டர்பன் மருத்துவப் பள்ளியிலிருந்து வந்திருந்த ஸ்டீவ் பிகோ என்ற இருபது வயது மாணவர், பாகுபாடில்லாத இடம் கிடைக்கும்வரை மாநாட்டை ஒத்திவைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். இரவெல்லாம் விவாதம் நடந்தது. தீர்மானம் தோற்றது. வெள்ளை மாணவர்கள் அனைவரும் நயவஞ்சகர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பலர் உள்ளபடியே வருந்தினார்கள், பல்கலைக்கழகத்தைக் கண்டிக்கவும் செய்தார்கள். ஆனால் வருந்தியபின் அவர்கள் படுத்துறங்க வளாக விடுதி இருந்தது. பிகோவும் அவருடைய தோழர்களும் தேவாலயத் தரையில் அமர்ந்து யோசித்தது வேறு. தமக்காக மற்றவர் பேசுவதை இனியும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, தாமே பேசவேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

டொங்காட் வாசகர்: பிகோ தொடங்கிய மாணவர் இயக்கத்தில் தமிழ் இளைஞர்கள் இருந்தார்களா? அது ஆப்பிரிக்க மாணவர்களின் இயக்கம் என்றே எங்கள் வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

இருந்தார்கள், முன்வரிசையில் இருந்தார்கள். இந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் வீடுகளில் நம் பிள்ளைகளுக்கு நாம் எதைச் சொல்லாமல் விட்டோம் என்பதை அது காட்டுகிறது.

1969 ஜூலையில் டர்ஃப்லூப் வளாகத்தில் தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு, அதாவது சாசோ, தொடங்கப்பட்டது. பிகோ அதன் முதல் தலைவர். அதன் தலைமையகம் நம் டர்பனில், பீட்ரிஸ் தெரு 86ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. சட்டத்தாலோ வழக்கத்தாலோ அரசியலிலும் பொருளாதாரத்திலும் சமூகத்திலும் ஒடுக்கப்பட்டு, அந்த ஒடுக்குமுறையை எதிர்த்து ஒன்றாக நிற்பவர்கள் அனைவரும் கறுப்பரே என்று சாசோ வகுத்துச் சொன்னது. ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவருக்கும் அதில் ஒரே இடம். இந்தியர் விருந்தாளிகளாகவோ துணைக்கு வந்தவர்களாகவோ அங்கே இருக்கவில்லை.

ஸ்ட்ரினி மூட்லியும் சாத்ஸ் கூப்பரும் டர்பனில் பிறந்தவர்கள். முதலியார் என்ற பெயர் மூட்லி ஆனதும், சதாசிவன் என்ற பெயர் சாத்ஸ் ஆனதும் நம் வீட்டுக் கதைதான். இருவரும் அந்தத் தீவுக் கல்லூரியில் படிக்கப் போய், அடங்கிப் போகாததால் வெளியேற்றப்பட்டவர்கள். மூட்லி சாசோவின் வெளியீட்டுப் பணியை ஏற்றுக்கொண்டார். நாடகத்தையும் மக்களிடம் பேசும் கருவியாக ஆக்கிக்கொண்டார்.

1972 ஏப்ரல் 29 அன்று டர்ஃப்லூப் பட்டமளிப்பு விழாவில் ஒங்கோபோட்சே டிரோ என்ற மாணவர் உரையாற்றினார். கறுப்பினத்தவருக்கென்று சொல்லப்பட்ட பல்கலைக்கழகத்தின் விழாவில் முன்வரிசைகள் வெள்ளை விருந்தினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. பட்டம் பெறும் பிள்ளைகளைக் காண வந்த பெற்றோர் பலருக்கு மண்டபத்துக்குள் இடமில்லை. அதை அவர் மேடையிலேயே சுட்டிக்காட்டினார். சில நாள்களில் அவர் வெளியேற்றப்பட்டார். மே மாதத்தில் சாசோ விடுத்த அறைகூவலை ஏற்றுக் கறுப்பின வளாகங்கள் ஒவ்வொன்றாக வகுப்புகளைப் புறக்கணித்தன. சால்ஸ்பரி தீவுக் கல்லூரியே பெயர் மாறி டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகியிருந்தது; அதன் மாணவர்களும் புறக்கணிப்பில் சேர்ந்துகொண்டார்கள். டிரோ 1974 பிப்ரவரி 1 அன்று போட்ஸ்வானாவில் அஞ்சலில் வந்த வெடிகுண்டால் கொல்லப்பட்டார்.

அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று, மொசாம்பிக் விடுதலையை வரவேற்று டர்பனின் கறீஸ் பவுண்டன் திடலில் சாசோ ஏற்பாடு செய்த கூட்டத்தை அரசு தடைசெய்தது. தடையை மீறி மக்கள் திரண்டார்கள். அதையொட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில் ஒன்பது பேர் 1976 டிசம்பரில் தண்டிக்கப்பட்டு, ஐந்து முதல் ஆறு ஆண்டுகளை ராபன் தீவுச் சிறையில் கழித்தார்கள். அந்த ஒன்பது பேரில் மூட்லியும் கூப்பரும் இருந்தார்கள். மூட்லி 2006இல் காலமானார். கூப்பர் உளவியல் படித்துப் பன்னாட்டளவில் மதிக்கப்படும் அறிஞராகி, பின்னாளில் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராக வந்தார்.

மெர்பேங்க் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: வெஸ்ட்வில் இந்தியப் பல்கலைக்கழகமாக இருந்ததால்தான் அங்கே தமிழ்த் துறை இருந்தது. நானே அங்கு தமிழ் படித்தவன். விடுதலைக்குப் பிறகு அந்தத் துறை போயிற்று. நம்மவர் எதிர்த்துப் போராடியது நமக்கே இழப்பாக முடிந்ததோ என்று சில வேளைகளில் தோன்றுகிறது. தவறாக எண்ண வேண்டாம்.

தவறாக எண்ணவில்லை, ஐயா. நம்மில் பலர் மனத்தில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாத கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

துறை மூடப்பட்டது பேரிழப்பு. இலக்கணத்தை முறையாகக் கற்று, சங்கப் பாட்டையும் திருமுறையையும் நேராகப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய ஆசிரியர்கள் அங்கிருந்து வந்தார்கள். அந்தத் தலைமுறை ஓய்வுபெற்று வரும்போது அந்த இடத்துக்கு வர ஆளில்லாமல் நம் பாடசாலைகள் தவிப்பதை இந்த அலுவலகத்துக்கு வரும் கடிதங்களிலேயே காண்கிறோம். தைப்பூசக் காவடிக்கு ஆயிரக்கணக்கானோர் கூடும் ஊரில், பாடப்படும் பதிகத்தின் பொருளைச் சொல்லத் தெரிந்தவர்களை எண்ணிவிடலாம் என்ற நிலை வந்திருக்கிறது.

ஆனாலும் அந்தத் துறையை நிறவெறி நமக்குத் தந்த கொடையாகக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. நம் முன்னோரைச் சுமந்துகொண்டு 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்த நாளிலிருந்து தமிழைக் காத்தவர்கள் கோயில் மண்டபங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் மாலைதோறும் பாடசாலை நடத்தியவர்கள். கரும்புத் தோட்டத்தில் நாள் முழுதும் உழைத்துவிட்டு வந்து, விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதிக் காட்டியவர்களுக்கு அரசு ஒரு காசும் கொடுக்கவில்லை. நூறாண்டு கழித்து அதே தமிழுக்கு அரசு ஒரு துறை அமைத்தபோது, இந்தியர் தனிப்பட்டவர்கள், அவர்கள் இடம் தனியிடம் என்று காட்டுவதற்கும் அது பயன்பட்டது. மொழியும் பண்பாடும் வேறு என்பதையே பிரித்து வைக்கக் காரணமாகச் சொன்ன ஆட்சி அது. பக்கத்து வளாகத்தில் சூலு மாணவனைப் படிக்க விடாத அதே சட்டம்தான் உங்களை வெஸ்ட்வில்லில் உட்கார வைத்தது.

அங்கே அமர்ந்து நீங்கள் கற்ற தமிழ் தூய்மையானது. அதற்காக நீங்கள் ஒருபோதும் கூச வேண்டியதில்லை. உங்களுக்குக் கற்பித்தவர்களுடைய உழைப்பும் அப்படித்தான். போராடிய மாணவர்கள் கேட்டது தமிழை மூடச் சொல்லியன்று. எந்தப் பல்கலைக்கழகத்திலும் எவரும் எதையும் படிக்கலாம் என்ற நிலையை. அந்த நிலை வந்தபின் சேரும் மாணவர் குறைந்துவிட்டார்கள் என்று துறை மூடப்பட்டபோது அதைத் தடுக்க நாம் எத்தனை பேர் எழுந்தோம்? எத்தனை வீடுகளிலிருந்து பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்பினோம்? 2004இல் நேட்டால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில்லும் இணைந்து க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனபோதாவது நம் சங்கங்கள் ஒன்றுகூடித் தமிழுக்கு ஓர் இருக்கை கேட்டு விடாமல் நின்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இப்போதும் கேட்கலாம். சூலு மாணவரும் விரும்பினால் வந்து படிக்கும் தமிழ் வகுப்பாக அதைக் கேட்க வேண்டும்.

ஃபீனிக்ஸ் வாசகி, மாணவி: 2015இல் நடந்த போராட்டங்களையும் இவற்றோடு சேர்க்கலாமா?

சேர்க்கலாம். கேப் டவுன் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த, ஆங்கிலேயக் குடியேற்ற ஆட்சியாளரான செசில் ரோட்ஸின் சிலையை 2015 ஏப்ரல் 9 அன்று அகற்றவைத்ததும், அவ்வாண்டு அக்டோபரில் கட்டண உயர்வைக் கைவிடும்படி அரசை இறங்கவைத்ததும் மாணவர்களே. அவர்கள் தங்கள் பேச்சில் பிகோவை அடிக்கடி எடுத்துக்காட்டியது தற்செயலன்று. சட்டம் போட்டு அடைத்த கதவு திறந்துவிட்டது. பணத்தால் அடைபடும் கதவைப் பற்றியது இவர்கள் வழக்கு. வளாகக் கட்டடங்களுக்குத் தீ வைத்ததை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் எரிந்த நூல்கள் அடுத்த ஆண்டு வரும் ஏழை மாணவருக்கு உரியவை. கோரிக்கை நேர்மையானது.

வெருளம் வாசகர்: என் பெரியப்பா தீவுக் கல்லூரி மாணவர். அவர் விட்டுச்சென்ற பெட்டியில் அக்காலத்துத் துண்டறிக்கைகளும் புகைப்படங்களும் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

எதையும் எறிந்துவிடாதீர்கள். க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது; இந்நாட்டு இந்தியரின் வரலாற்றுக்கான ஆவணங்களை அங்கே தொகுத்து வைத்திருக்கிறார்கள். டர்பன் நகருக்குள் டெர்பி தெருவில் 1860 மரபு மையமும் உண்டு. போகும் முன் தொலைபேசியில் பேசி, எவற்றை ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து வீட்டில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படங்களில் இருப்பவர்களை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இன்னும் இருந்தால், இந்த வாரமே அவர்களிடம் போய் உட்கார்ந்து, பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் கேட்டுப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனாவால் எழுதினால் மை மறுபக்கம் ஊறிவிடும்.